ரேக்கா பிரேக்கா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், வண்டிக்குத்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் கொஞ்ச நாளாக நீ பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, முதலில் அந்தப் போனை மாற்று.

விஷயம் என்னவென்றால், ஸ்டியரிங்கைத் திருப்பினால் கடகடவென்று சத்தம் வருகிறது என்று அம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். நீ வரும்போது விமான நிலையத்துக்கு நான்தானே ஓட்டிவர வேண்டும், அதனால் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே, பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. நேரே நம் தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம், வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவாரே, அவர்தான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு சார், அதை எதுக்கு மாத்தணும் என்றார். மேற்கொண்டும் ஏதோ சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வந்ததே கோபம். மறுநாள் ஷோரூமுக்குப் போய், நல்ல பிரேக்கை மாற்றச் சொல்கிறீர்களே, யார் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்று நான்கு பேர் முன்னால் கத்திவிட்டேன். அந்தப் பெண் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள்.

வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். அந்தப் பொண்ணு பிரேக்குன்னு சொல்லவே இல்லைங்க, ரேக்குன்னுதான் சொன்னா, மெக்கானிக்கும் அதையேதான் சொன்னாரு என்றாள். சக்கரத்தைத் திருப்புகிற தண்டுக்குப் பெயர் ரேக்காம். ஷோரூமில் அதை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள், மெக்கானிக் அதன் நுனியில் இருக்கும் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஷோரூமுக்குத் திரும்பப் போக முகமில்லாமல் மெக்கானிக்கிடமே விட்டேன். நேற்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, இப்ப சத்தம் இல்லையே சார் என்றார். தலையாட்டினேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், முன்பும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை.

பின்னால் ஹார்ன் அடித்தவர்கள் எத்தனை பேரோ, நினைத்தால் பயமாக இருக்கிறது. காதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியா, பக்கத்துத் தெரு டாக்டரா, அதிலும் குழப்பம்தான். நீயே யோசித்துச் சொல். விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து வந்துவிடு. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிட்டேன், போனை மாற்ற வேண்டாம்.

உன் அன்பு
அப்பா