பிலோமிக்குப் போட்ட காப்பி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கடை ஷட்டர் தடதடக்கிறது. ரெட்டியார்சத்திரம் போய்விட்டு மாத்திரை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினேன். பிலோமியிடம் வழக்கம்போல, மோட்டார் எடுக்கப் போகிறேன் என்ற பொய்.

முகாம் நடக்கிற அறை பூட்டு. கதவில் தாள். இனி இங்கே மனநல முகாம் கிடையாதாம். அவரவர் ஏரியா சுகாதார நிலையத்திலேயே வாரா வாரம் வியாழக்கிழமை பார்ப்பார்களாம். டாக்டர் வீடியோவில் பேசுவார். ஆதார், போன் நம்பர். கடைசி வரி: நோயாளி நேரில் வர வேண்டும். இதுவரை நான் மட்டும் போய் வாங்கி வந்தேன்.

வாசலில் ஒரு பெரியவர் சொன்னார்: "நல்லதுதானப்பு. இனிமே பஸ்ஸுக்கு நிக்க வேணாம்ல."

நல்லதுதான். நாகல் நகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. ஆனால் என் பெண்டாட்டியை என்ன சொல்லிக் கூட்டிப் போவேன்? பிலோமிக்குத் தான் நோயாளி என்பதே தெரியாது. மாத்திரை சாப்பிடுவதும் தெரியாது. நான்கு வருடமாக.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் மோட்டார் காயில் கட்டுகிற கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்கக் கம்பி கேஜ், சுற்றுக் கணக்கு. பிலோமி இதைத் தொட மாட்டாள்.

மீதி 9 மாத்திரைப் பொட்டலம்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று, தூசி. காப்பி கொடுத்தாயிற்று. மீதி 8.

செய்முறை எழுதி வைக்கிறேன், என்றைக்காவது எனக்கே நான் பதில் சொல்ல வேண்டும். மாத்திரையைக் கடையில் வைத்துக் கரண்டியால் பொடிப்பேன். மோட்டாருக்கு வைக்கிற இன்சுலேஷன் தாளில் மடிப்பேன். காலையில் சட்டைப் பையில் ஒன்று. காப்பி. பொடியைக் கொட்டிக் கலக்கி, கசப்புத் தெரியாமல் இருக்கச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. அவள் கடைசி மடக்கு வரை குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன்.

பக்கத்து வீட்டு மெகரு அக்கா இன்றைக்கும் கிண்டல்: "தம்பி, எங்க வீட்டு மனுசன் ஒரு நா வெந்நி வச்சுக் குடுத்தது கெடையாது. நீங்க செத்த நேரம் அவருக்கு டியூஷன் எடுங்க." பிலோமிக்கு முகமெல்லாம் பெருமை. தன் தங்கச்சியிடம் போனிலும் இதையே சொல்கிறாள். "காலங்காத்தால அவரு கையால காப்பி குடிச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியும்."

கேட்டுக்கொண்டு நிற்கிறேன், கல்லு மாதிரி.

ஜூலை 9, புதன்

மருந்துக்கடைகள் 5. ஐந்திலும் கைவிரிப்பு. "சீட்டு பழசுண்ணே. புதுச் சீட்டு இல்லாம இதத் தர முடியாது." ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மாத்திரை எனக்கென்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

மீதி 7. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், அந்த முதல் தடவை. மெகரு அக்கா கொடுத்த நோன்புக் கஞ்சியைப் பிலோமி நடுத்தெருவில் கொட்டினாள். "வெசம் வச்சிருக்கா" என்று கத்தல். பிறகு யார் சமைத்தாலும் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றாள். பிறகு பட்டினி. ஒரு நாள் ஆளே இல்லை. இரண்டாம் நாள் குஜிலியம்பாறை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பில்லை, உதடு வெடித்து ரத்தம். என்னைப் பார்த்து "நீங்க யாரு" என்றாள்.

அந்த "யாரு" இன்னும் காதில் இருக்கிறது.

முகாம் டாக்டர் அன்றே சொன்னார்: "மொதல்ல ஒரு மாசம் இப்படிக் கலந்து குடுங்க. தெளிஞ்சதும் சொல்லிருங்க." தெளிந்தாள். சிரித்தாள். மெஷினை எடுத்துப் போட்டு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தாள். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அலறியவளிடம், ஆமாம், நான் கலந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே தள்ளினேன். கோழை நான்.

ஜூலை 10, வியாழன்

இன்று சுகாதார நிலையத்தில் பார்க்கிற நாள். போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். 7 பொட்டலத்தையும் பிரித்துப் பாதி பாதியாக 14 ஆக்கினேன். மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தாலும் ஓடுமே என்ற நினைப்பு. வோல்டேஜ் குறைந்தால்தான் காயில் கருகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

மீதி 13 பாதி.

ஜூலை 14, திங்கள்

சப்மெர்சிபிள் மோட்டார் 2 வந்திருக்கிறது. வேலையில் கை ஓடவில்லை.

பிலோமி மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தட்டை முகர்கிறாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிறாள். "தண்ணி ஒரு மாதிரி வாசமா இல்ல?" என்றாள். இல்லை என்றேன். "ஒங்களுக்கு வார்னிஷ் நாத்தத்துல மூக்கே செத்துப்போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பாதியை நிறுத்திவிட்டு இன்று முழுசு கொடுத்தேன். மீதி 8 பாதி, அதாவது 4 நாள்.

ஜூலை 15, செவ்வாய்

முழுசு. மீதி 3 நாள். மெகரு அக்கா கத்தரிக்காய் வெஞ்சனம் கொண்டுவந்தார். பிலோமி வாங்கி வைத்தாள். மத்தியானம் பார்த்தால் பின்பக்கச் சாக்கடையில் கிடந்தது.

ஜூலை 16, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை. காப்பியைப் பாதி குடித்தவள் டம்ளரை வைத்துவிட்டாள். "இதுலயும் இருக்கு" என்றாள். "பாலு அந்த மெகரு வீட்டுப் பக்கம் இருந்துதான வருது. நாலு வருசம் சும்மா இருந்தா, இப்பத் திரும்ப ஆரம்பிச்சுட்டா." எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். கையில் தையல் கத்தரி. குத்தவா எடுத்தாள்? தைத்துக்கொண்டிருந்த கையோடு எழுந்திருப்பாள். தெரியாது. மெகரு அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், இங்கே திரும்பிச் சிரித்தார்.

கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"மெகரு அக்கா இல்ல பிலோமி. நான்தான்."

"என்னது நீங்க?"

மீதியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது நெசந்தான?"

"அன்னைக்கு யாரும் கலக்கல பிலோமி. அதுக்கப்புறந்தான்…"

"அதுக்கப்புறம் நீங்க கலந்தீங்க."

"ஆமா."

"ஊரே என்னையப் பைத்தியம்னுச்சு. அம்புட்டுப் பேரு முன்னாடி நீங்களும் தலைய ஆட்டுனீங்க."

கத்தரியை மெஷின் மேல் வைத்தாள். மீதிக் காப்பியை என் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினாள். அதன்பின் நாள் முழுக்க ஒரு வாய் சோறில்லை. அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று மணிக்கு நாலு தரம் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

"இன்னைக்குப் பாக்குறாங்க. வாரியா?" என்று கேட்டேன். எழுந்து போய்ச் சேலை மாற்றினாள்.

எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாள். பஸ் ஸ்டாப் வந்தபோது நின்றாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு சுகாதார நிலையப் பக்கம் திரும்பினாள்.

பெஞ்சில் எங்கள் தெரு ஆட்களே மூன்று பேர். சிஸ்டர் சத்தமாக "யாரு பேஷன்ட்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "நாந்தான்" என்றாள் பிலோமி. என்ன தைரியம். எனக்கு அதில் கால்வாசி கிடையாது.

திரையில் சின்ன வயசு டாக்டரம்மா. தூக்கம் எப்படி, பசி எப்படி என்று வரிசையாகக் கேள்வி. அப்புறம்: "சாப்பாட்டுல யாராவது எதையாவது கலக்குறாங்கன்னு தோணுதாம்மா?"

பிலோமி திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆமாங்க டாக்டர். இந்தா உக்காந்திருக்காரே, இவருதான்."

சிஸ்டர் பரிதாபமாகத் தலையாட்டிக்கொண்டு அதை எழுதப் போனார். விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த அளவுக்குக் கேவலமானவன். பிறகு சொல்லிவிட்டேன்: "நெசந்தான் டாக்டர். நான்தான் கலந்தேன்."

டாக்டரம்மா என்னிடம், இனி ஒரு நாளும் அப்படிச் செய்யக் கூடாது என்றார். அவளிடம் மாத்திரையைப் பற்றி நிதானமாகச் சொன்னார். பிலோமி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாலு வருசமா நான் தூங்குனது இதாலயா?"

"ஆமாம்மா. பெரும்பாலும் இதாலதான்."

"அப்பக் குடுங்க. என் கையில குடுங்க."

வெளியே வந்ததும் மாத்திரை அட்டையைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "இனி ஒங்க கையால பச்சத் தண்ணி வேணாம்" என்றாள். தெருவில் வைத்து, மெதுவாக.

ஜூலை 18, வெள்ளி

காற்று இல்லை. அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஷட்டர் ஓரம் நின்றேன்.

குழாயடியில் அவளே மாத்திரையை விழுங்கினாள். நான் கேட்கவில்லை. வாயை அகலத் திறந்து காட்டினாள்.

அப்புறம் இரண்டு டம்ளர் காப்பி. ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் கலக்கல. குடிங்க."

கசந்தது. சர்க்கரை போடவில்லை போல. கேட்கவில்லை. கடைசி மடக்கு வரை குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.