அனுப்புநர் விலாசம்

சான் ரோக்கே
28 நவம்பர் 1993

அன்பு மகள் லிகாயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மணிலா வெக்கையில் தையல் மெஷினே கதி என்று உட்கார்ந்திருக்காதே. ட்ரினிங் சித்தி அவசர வேலை என்று சொன்னாலும் காதில் வாங்காதே. இந்த மாதத்தில் அப்படிக் குனிந்து உட்காரக் கூடாது.

இங்கே எல்லா வீட்டிலும் மூங்கில் நட்சத்திர விளக்குக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம் வீட்டுக்கு நானே ஏணி வைத்து ஏறிக் கட்டினேன். எதிர்வீட்டுப் பாஸிங் பார்த்துக்கொண்டே நின்றாள். "மக இருந்தா இந்த வயசுல ஏணி ஏறுவீங்களா, புரிங் அக்கா? அந்த ஹாங்காங் வீட்டுல பண்டிகைக்குக்கூட லீவு தர மாட்டாங்களாமா?" என்று கேட்டாள். ஊருக்கு நாம் சொல்லிவைத்த கதைப்படியே, தர மாட்டார்கள் என்றேன். உன் முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி இப்போது அவள் முகமே எனக்குத் தெரிகிறது. கண்ணாடி போட்டிருப்பாள். கொஞ்சம் கறார்.

ஒரு உதவி வேண்டும். வெளிநாடு போனவள் கிறிஸ்துமஸுக்குப் பெட்டி அனுப்பாவிட்டால் ஊர் சும்மா இருக்காது. சாக்லேட், வாசனை சோப்பு, டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, எல்லாம் அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். ஒரு பெட்டி கட்டி பஸ்ஸில் போட்டுவிடு. நான் லுசேனா டவுனுக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன்.

கவரில் அனுப்புநர் விலாசம் எழுதாமல் இருக்கிறாய், நல்ல பிள்ளை. அப்படியே இருக்கட்டும். நானும் என் கடிதங்களை லுசேனாவில்தான் போடுகிறேன். தபால்காரன் இஸ்கோவுக்குக் கடிதம் கொடுப்பதைவிடப் படிப்பதில்தான் ஆசை.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அம்மா


மணிலா
7 டிசம்பர் 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

பெட்டியை அனுப்பிவிட்டேன். வயிற்றுக்கு மேலே வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் கண்டக்டர் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டு, "ஏம்மா, வீட்டுல ஆம்பளையே இல்லையா?" என்று திட்டினான். இல்லை என்றேன். குழந்தைக்கு அப்பனான டானிலோ கப்பலேறி ஐந்து மாதமாகிறது, ஒரு வரி இல்லை. அவனைப் பற்றி இனி நீங்களும் கேட்க வேண்டாம்.

என் முதலாளியம்மாவுக்குக் கண்ணாடி என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சித்தி பயந்துவிட்டாள்.

அம்மா, குழந்தை ராத்திரி பகல் பார்க்காமல் உதைக்கிறது. டாக்டர் ஜனவரி நடுவில் என்று சொல்கிறார். அதற்குமுன் ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இருட்டினபிறகு வருகிறேன். எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். பின்பக்கம் வாழைத்தோட்டம் வழியாக வருகிறேன். நீங்கள் செய்கிற அரிசிப் பணியாரத்தை வாழையிலையோடு சுடச்சுடத் தின்றுவிட்டு, விடிவதற்குள் போய்விடுவேன். யாரும் பார்க்க மாட்டார்கள். ஜூலையில் என்னை பஸ் ஏற்றியதும் இருட்டில்தானே? எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பதிலுக்குக் காத்திருக்கும்
லிகாயா


சான் ரோக்கே
15 டிசம்பர் 1993

அன்பு மகளுக்கு,

பெட்டி வந்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை. எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறாய்! இஸ்கோவுக்கு ஒரு சோப்பு கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "ஹாங்காங் சோப்புன்னா வாசனையே தனிதான் அக்கா" என்றான்.

நீ கேட்டதைப் பற்றி. வேண்டாம் கண்ணே. அந்த நாளில்தான் மரியாள், சூசை வேஷம் போட்டவர்கள் பிரசவத்துக்கு வீடு வீடாய் இடம் கேட்டு வருவார்கள் என்பதை மறந்துவிட்டாயா? போன வருஷம் நீதானே மரியாளாக வந்தாய்? மூன்றாவது வீடாக நம் வீட்டில்தான் நிற்பார்கள். ஊரே பின்னால் வரும், வாழைத்தோட்டம்வரைக்கும் ஆள் நிற்கும். நான் மாதர் சங்கத் தலைவி. உன் அப்பா இறந்தபிறகு இந்த ஊரில் எனக்கு என்று இருப்பது அந்த மரியாதை ஒன்றுதான். குழந்தை பிறந்து ஒரு வருஷம் போகட்டும். அதற்குள் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

கோபித்துக்கொள்ளாதே. பணியாரம் செய்து அனுப்பலாம் என்றால் வழியிலேயே புளித்துவிடும்.

உன் நன்மையை நினைக்கும்
அம்மா


சான் ரோக்கே
26 டிசம்பர் 1993

லிகாயா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேற்று முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருஷ மரியாள் பாஸிங்கின் மகள். வயிற்றில் தலையணை கட்டி, நீல முக்காடு போட்டு வந்தாள். வழக்கப்படி முதல் வீட்டில் இல்லை என்றார்கள், இரண்டாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவோம் என்றார்கள். பிறகு நம் வாசல். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே அந்தப் பெண் பாடினாள், நடந்து களைத்தேன், மாதம் நிறைந்துவிட்டது, ஒரு மூலை போதும் என்று. ஒரு நாள் போதும் என்று நீயும்தான் கேட்டாய். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வந்தும் நான் ஜன்னலைத் திறந்து, இடமில்லை போ என்று பாடினேன். குரல் வராது என்று நினைத்தேன். வந்தது, லிகாயா. என்றைக்கும் இல்லாத குரல் வந்தது. தெருவே கைதட்டியது.

பிறகு எல்லோரும் கோயிலுக்கு நகர்ந்தார்கள். பாஸிங் மட்டும் படியேறி வந்தாள். "நீங்க விரட்டற மாதிரி இந்த ஊர்ல யாராலயும் விரட்ட முடியாதுக்கா" என்று சொன்னாள். பாராட்டு என்று நினைத்து, உள்ளே போய் அவளுக்கென்று எடுத்துவைத்த சாக்லேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். லிகாயா ஹாங்காங்கிலிருந்து உனக்கு அனுப்பியது என்று வேறு சொன்னேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஹாங்காங்ல நம்ம நாட்டு ஸ்டாம்ப்பா ஒட்டறாங்க? இஸ்கோ ஆகஸ்ட் மாசமே பாத்துட்டான். மிச்சத்த நாங்களே ஊகிச்சுக்கிட்டோம், ஊருக்கே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் ஒருத்தரும் கேக்கல. புள்ளத்தாச்சிக்கு எத்தனையாவது மாசம்?" என்றாள்.

தபால்தலை! அனுப்புநர் விலாசம் எழுதாதே என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னவள், தபால்தலையைப் பார்க்கவே இல்லை. நாலு மாதமாக ஊர் முழுக்க நான் சொன்ன கதையை ஆவென்று கேட்டார்கள். அந்த முதலாளியம்மாவின் கண்ணாடியைக்கூட விசாரித்தார்கள். என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

நான் வெட்கப்படுவது அதற்கில்லை. ஊர் உன்னை எதுவும் சொல்லவில்லை. உன்னை விரட்டியது நான் மட்டும்தான். நடுராத்திரிப் பூசைக்கு நான் போகவில்லை. பணியாரம் செய்தேன். தின்ன ஆளில்லை.

வந்துவிடு மகளே. பகலில் வா. கவரில் உன் விலாசத்தைப் பெரிதாக எழுது. இஸ்கோ படிக்கட்டும்.

அம்மா


மணிலா
3 ஜனவரி 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கவரைத் திருப்பிப் பாருங்கள், விலாசம் எழுதியிருக்கிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டும்போதே எனக்குத் தெரியும். அதில் நம் நாட்டுப் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது! உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன். யாராவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று நம் ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் வரமாட்டேன் அம்மா. டாக்டர் பயணம் கூடாது என்கிறார். அவர் கூடும் என்றாலும் வரமாட்டேன். ஊருக்குத் தெரிந்துபோனபிறகு கதவைத் திறக்கிறீர்கள். தெரியாமலே இருந்திருந்தால்? இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் வாருங்கள். காலை எட்டு மணி பஸ்ஸில், சந்தைக் கூட்டம் நிற்கிற நேரத்தில். எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு ஏறுங்கள். சொல்ல வரவில்லை என்றால் ஏறாதீர்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்கள் மகள்
லிகாயா


பஸ்ஸில்
9 ஜனவரி 1994

அன்பு லிகாயா,

பஸ் ஆடுகிறது, எழுத்துக் கோணலாக இருக்கும். இதைத் தபாலில் போடப்போவதில்லை. உன் கையில் கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கிறவரை வாசலில் நிற்பேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தெரியாமலே இருந்திருந்தால் என்று கேட்டாய். திறந்திருக்க மாட்டேன், மகளே. உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்தும் வேறு பதில் கிடைக்கவில்லை. உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சந்தைக் கூட்டம் நின்றது. மீன்காரி கேட்டாள், இஸ்கோ கேட்டான், மாதர் சங்கத்தில் நாலு பேர் கேட்டார்கள். மணிலாவுக்குப் போகிறேன், என் மகளுக்குப் பிரசவம், கல்யாணம் ஆகவில்லை, ஜூலையில் வீட்டை விட்டு அனுப்பியது நான் என்று சொன்னேன். முதல் தடவை குரலே எழும்பவில்லை. மீன்காரி, "என்னக்கா, கேக்கலையே" என்றாள். மறுபடி சொன்னேன். ஆறு பேர் கேட்டார்கள். கண்டக்டர் கேட்கவே இல்லை, அவனிடமும் சொன்னேன்.

மடியில் பணியாரம் இருக்கிறது. இப்போதே புளிக்க ஆரம்பித்திருக்கும். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

அம்மா

அனுப்புநர்:
புரிஃபிகாசியோன் விலானுவேவா,
லிகாயாவின் அம்மா,
சான் ரோக்கே.