வம்பு வேறு, தகவல் வேறு

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் இன்றைக்கும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது பல் டாக்டரம்மா. ஆள் வந்து திறக்கும் வரை நான் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், பாவம், பயப்படக் கூடாதே என்று. வெளியே வந்ததும், "அக்கா, மாட்டிக்கிட்டதைவிட…" என்று ஏதோ ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்தி, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்றால் இதெல்லாம் செய்யத்தான் வேண்டும்.

மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் டியூஷன் வாத்தியார் நாவல் எழுதியிருக்கிறாராம். புத்தகமாகவே வந்துவிட்டதாம். கணக்கு வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை? தனி ஆள், வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். குடிவந்த புதிதில் லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் நான்தான் எந்த வீட்டில் யார், எப்படிப்பட்டவர் என்று எடுத்துச் சொன்னேன். புது இடத்தில் ஆள் தெரியாமல் திண்டாடக் கூடாது இல்லையா. இவர் (என் வீட்டுக்காரர்) அதை வம்பு என்கிறார். வம்பு வேறு, தகவல் வேறு. இவருக்கு இரண்டும் தெரியாது.

பாப்பா (என் மகள்) சாயங்காலம் நடக்கப் போனாள். எட்டு மணிக்கு வந்தாள். சாப்பிட்டாள். அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

வாத்தியார் எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனுக்கு விவரம் பத்தாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காலையிலிருந்து என் வீட்டு மணி ஓயவில்லை. வழக்கம்போல எல்லாரையும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியே பேசி அனுப்பினேன்.

புத்தகத்தில் ஒரு கட்டடம். அதில் ஒரு பல் டாக்டர், அவருக்கே பல்செட். ரிட்டயர் ஆனதை ஏற்றுக்கொள்ள முடியாமல் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வரும் ஒரு பேங்க் அதிகாரி. சண்டை வெளியே கேட்காமலிருக்க டிவியை அலறவிடும் ஒரு ஜோடி. அதனால் எந்த சீரியல் ஓடும்போது எவ்வளவு சண்டை என்று கட்டடத்துக்கே தெரியும்.

டாக்டரம்மா என்னிடம் வந்து, "செட் இல்லை அக்கா, ரெண்டே ரெண்டு பல்லு" என்றார். கண் கலங்கியிருந்தது. எங்கள் சங்கத் தலைவர்தான் அந்த பேங்க்காரர். இன்று பையை எடுக்காமல் வெறும் கையோடு போனார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

நடவடிக்கை எடுக்காமல் விடமாட்டேன் என்று எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பத்திரிகையில் மதிப்புரை வந்திருக்கிறது. "பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்றே அறியாத நகர மனிதனின் தனிமையைப் பேசும் நாவல்." எழுதினவர் இங்கே வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். எனக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு குக்கர் விசில் அடிக்காது. இந்த ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் ஜன்னல் ஓரத்தில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் எதிர் வீட்டுக்காரி கையசைப்பாள்.

இரண்டாம் முறையும் படித்து முடித்தேன். ஒரு விஷயம். இதில் நான் இல்லை.

எல்லாரும் இருக்கிறார்கள். வாட்ச்மேன் இருக்கிறார். தண்ணீர் மோட்டார் இருக்கிறது, அதற்கு முழுசாக இரண்டு பக்கம். வருஷக்கணக்காகச் செயலாளர், இந்தக் கட்டடத்துக்காக ஓடாய்த் தேய்ந்தவள் நான். எனக்கு ஒரு வரி கிடையாது. நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்றா கேட்டேன்? திட்டியாவது எழுதியிருக்கலாமே.

இன்னொன்றும் எரிச்சல். கதையைச் சொல்கிறவள் ஒரு பொம்பளை. பெயர் கூட இல்லை, "நான்", "நான்" என்று அவளே பேசிக்கொண்டு போகிறாள். என்ன வாய் அவளுக்கு! எவன் வீட்டுக் கதவு திறந்தாலும் எட்டிப் பார்க்கிறாள். கேட்டால், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சாதிக்கிறாள். இப்படி ஒருத்தி நம் கட்டடத்தில் இருந்தால் நான் ஒரு நாள் வைத்திருக்கமாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இவரும் அதைப் படிக்கிறார். தனியாகச் சிரித்துக்கொள்கிறார்.

மார்ச் 12, புதன்

விசாரணை ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் வெளியிலேயே வராத மனுஷன். அப்படியானால் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. அந்த யாரோ யார்? இதுதான் கேள்வி.

முதலில் வாட்ச்மேனை விசாரித்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், நான் யார்கிட்டயும் பேசறதில்ல. பேச எனக்கு எங்க நேரம் குடுக்கறீங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பிறகு டிவி ஜோடி. அவர்கள் அவர்களையே காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள். டாக்டரம்மாவிடம் வரும் வேலைக்காரப் பெண்ணின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். பல் விஷயம் டாக்டரம்மா எனக்கு மட்டும்தான் சொன்னாராம். அப்படியானால் அந்தப் பெண் ஒட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

தலைவரிடம் கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "விடுங்கம்மா, போகட்டும்" என்றார். விடுவதா? கட்டடத்தின் மானம் போகிறது.

தீர்மானம் ஒன்று நானே எழுதிவிட்டேன். தகவல் கொடுத்தவர் யார் என்று வாத்தியார் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எழுதி முடித்தபோது கொஞ்சம் காரம் அதிகமோ என்று தோன்றியது. அதனால் கீழே "அன்புடன்" என்று போட்டேன்.

மார்ச் 15, சனி

இவர் புத்தகத்தை மூடிவிட்டு, "கதை சொல்ற அந்த அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். யார் என்று கேட்டேன். "நெருங்கிய பழக்கம்" என்றார். பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

நெருங்கிய பழக்கமாமே! இந்த வயதில் இவருக்கு எவளோடு நெருங்கிய பழக்கம்? மூன்று மாடியாக யோசித்துப் பார்த்தேன், ஒருத்தியும் பொருந்தவில்லை. சட்டைப் பையைத் தேடினேன். மருந்துச் சீட்டும் பேனா மூடியும்தான் இருந்தன.

மார்ச் 16, ஞாயிறு

வேறு ஒரு பயம் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. ஆனால் இதை எங்கேதான் சொல்வேன்.

எல்லா வீட்டு ரகசியமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால் எங்கள் வீட்டு விஷயம் தெரியாதா? அடுத்த புத்தகத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறாரோ?

பாப்பா கல்யாணம் ஆன வருஷமே இரண்டு பெட்டியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், அதனால் இங்கே இருக்கிறாள் என்றுதான் கட்டடத்தில் சொல்லியிருக்கிறேன். அவர் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை. பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்தில் இருக்கிறார். அதிலிருந்து யாரையும் நான் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. ஏன் வந்தாள் என்று அவள் இதுவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டேன், நானே காரணங்களை அடுக்கி "இதுவா, இதுவா" என்றும் கேட்டுவிட்டேன். "விடும்மா" என்பதோடு சரி. பெத்தவகிட்ட சொல்லாம வேற யாருகிட்டடீ சொல்லப் போற?

மார்ச் 19, புதன்

தீர்மானத்தின் நகலோடு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, அதில் பாதி அழித்த கணக்கு. கட்டுக் கட்டாகத் திருத்தாத விடைத்தாள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார். தீர்மானத்தைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் அவருக்கு டியூஷன் பிள்ளைகள் எல்லாம், காலி செய்தால் பிழைப்பே போய்விடும் என்றார். ஆனால் சொன்னவர் பெயரைச் சொல்லமாட்டாராம்.

நான் எதற்குப் போனேனோ அதைக் கேட்காமல் கிளம்ப மனசு வரவில்லை. எல்லாரையும் எழுதினீர்கள், செயலாளரை மட்டும் விட்டுவிட்டீர்களே, சங்கம் இல்லாமல் ஒரு கட்டடமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா… முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நீங்கதானே பேசிட்டிருக்கீங்க."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நான் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதி வைத்துக்கொள்வாராம். பெரும்பாலும் என் வார்த்தைகளே. என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தாராம். பல்செட் என்று சொன்னது யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

செட் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பல் என்றால் கேட்கிறவருக்குச் சுவையாக இருக்காதே என்று.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி, எங்கள் வீட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லலையே" என்றார். மற்றவர்கள்?

"ஒருத்தரும் வாய் தொறக்கலை அக்கா. நானும் கேக்கலை."

மார்ச் 20, வியாழன்

இவரோடு நெருங்கிய பழக்கம் உள்ள அந்தப் பொம்பளை காலையில் இவருக்கு டீயே போடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாத்தியார் கடைசி வரிசையில், பரீட்சையில் மாட்டின பிள்ளை மாதிரி. தலைவர் தீர்மானத்தை "அன்புடன்" வரை வாசித்து முடித்து, வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வாயே திறக்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவர், வீடு போகும் என்று தெரிந்தும் திறக்கவில்லை.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "நான்தான் சொன்னேன்" என்றேன்.

ஒருத்தரும் திடுக்கிடவில்லை. டாக்டரம்மாதான் முதலில் பேசினார். "தெரியும்க்கா. புத்தகம் வந்த அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். நீங்களே விசாரணைன்னு கிளம்பிட்டீங்க. எப்படி நிறுத்தறதுன்னுதான் தெரியலை."

அப்படியானால் எதற்குத் தீர்மானம் என்றேன். தலைவர் நெளிந்தார். நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள், நான் வாசித்தேன், அவ்வளவுதான் என்றார். தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தப்பாக நினைக்க வேண்டாம், பூங்காவில் காற்று நன்றாக இருக்கும், எல்லாரும் வரலாம் என்றார். சிரிப்பு வந்தது எல்லாருக்கும். எனக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டரம்மாவைத் தனியாக நிறுத்தினேன். பல் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாப்பா சாயங்காலம் நடக்கப் போவதில்லையாம். அடுத்த தெருவில் இருக்கும் அவர் கிளினிக்குக்குத்தான் போகிறாளாம். மாசக்கணக்காக. பேஷண்ட்டுகளுக்கு டோக்கன் கொடுக்கிறாள், போன் எடுக்கிறாள். நடந்தது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"அம்மாகிட்ட சொன்னா லிஃப்டுக்கு வந்துடும்னு பயந்தா, அக்கா."

மார்ச் 24, திங்கள்

அவ சொன்னதுல தப்பே இல்லை. அதான் தாங்க முடியலை. சண்டை போடவாவது ஏதாவது மிச்சம் வெச்சிருக்கலாம்ல?

இவர் இன்று டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பா கிளினிக்குக்குப் போவது முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாய் திறக்காததற்கு இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் பாப்பா கிளம்பும்போது, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. குடையை எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனாள்.

டிவி ஜோடி வீட்டில் இன்று சத்தமே இல்லை. என்னவென்று போய்ப் பார்க்கவில்லை. கை நமநமவென்றது.

மார்ச் 30, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் பாப்பா அடுப்படிக்கு வந்து, மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனது. இரண்டு பேரும் எழுந்து அணைக்கவில்லை.

காலையில் லிஃப்டில் எதிர் வீட்டுக்காரி, நேற்று உங்கள் வீட்டிலிருந்து ஏதோ தீய்ந்த வாசனை வந்ததே, ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். வெயில் இப்போதே இப்படிக் கொளுத்துகிறதே என்றேன்.

பாப்பா என்ன சொன்னாள் என்று இங்கே எழுதவில்லை.