சென்னம்மாள் அறுக்காமல் விட்ட சாமை

இண்டூர், சேலம் ஜில்லா
1938, ஆவணி கடைசி

சிரஞ்சீவி முனிராஜுக்கு, பெற்றவருக்கும் மேலாக உன்னைத் தூக்கிச் சுமந்த சித்தப்பன் மாரப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ராணியம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான். பம்பாயில் உன் உடம்பும் உத்தியோகமும் நன்றாயிருக்க முனியப்பனை வேண்டுகிறோம்.

நீ ரயில் பார்சலில் அனுப்பிய காமிராப் பெட்டியை மொரப்பூரில் வாங்கிவந்தேன். என்னைப் பார்த்து கலெக்டர்தான் வருகிறார் என்று வழிநெடுக ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். உன் சித்தி இதை நம்பவில்லை, நீயாவது நம்பு. வரகுக்கோழியைச் சுட்டுச் சுட்டு இனமே அற்றுப்போகிறது, அடைகாக்கும் மாதங்களிலாவது சுடக்கூடாது என்று உன் ஆபீஸ் துரை சர்க்காருக்கு எழுதப்போகிறார், அதோடு வைக்க அடையில் இருக்கும் கோழியின் படம் வேண்டும், கூட்டுக்கும் கேடு வரக்கூடாது என்று எழுதியிருந்தாய். இந்த வருஷம் நம் பக்கம் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். பேர்தான் வரகுக்கோழி, அந்த மகராசி முட்டையிட்டது மேலண்டை வூட்டுச் சென்னம்மாளின் சாமைக் காட்டில், நட்ட நடுவில். சாமையோ முற்றி உதிரத் தொடங்கிவிட்டது, அறுப்புக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது. நம் ஊர் அறுப்பு உனக்குத் தெரியும், நாலு பக்கமும் அறுத்துக்கொண்டே நடுவுக்கு வந்து, கடைசித் துண்டைக் கம்பளியால் வளைத்துக்கொள்வார்கள், உள்ளே ஒதுங்கினது முயலோ காடையோ, அன்றைக்கு அறுப்பாட்களுக்குக் குழம்பு. நான் அறுப்பாட்களைக் கூட்டிவரும் கொத்துக்காரன் மாதப்பனிடம் போய், அந்தக் கோழிமேல் கை வைத்தால் பம்பாய்ப் பட்டாளம் முழுக்க ரயிலேறி இண்டூருக்கு வந்துவிடும் என்று எச்சரித்தேன். போன வருசம் சிறுத்த உங்க கையில களி வாங்கித் தின்னுச்சுன்னு சொன்னதும் நீங்கதானுங்களே என்று கேட்டான், ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் சென்னம்மாளிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். குஞ்சு பொரிக்க இன்னும் எத்தன நாளு ஆவுமுங்க என்றாள். தெரியாது என்றேன். எனக்கு ஒன்று தெரியாது என்று அவள் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அறுப்பன்று கடைசித் துண்டுக்கு வந்ததும் மாதப்பன் கம்பளியை உதறினான். சென்னம்மாள் குறுக்கே நின்று, இது சாமிக்கு வுட்ட கதிரு, யாரும் அருவா வெக்கக் கூடாது என்றாள். சாமிக்கு ஒரு கைப்புடிதானேக்கா வுடுவோம், இது வண்டியே திரும்பற அளவு எடமாச்சே என்றான். போன வருசம் கைப்புடிதான் வுட்டோம், மழ பேஞ்சுதா என்று கேட்டாள். மாதப்பன் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். குழம்புக்குத் தன் வூட்டுச் சேவலையே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் முதுகில் சாமைத்தாளைப் பரப்பிக்கொண்டு தினமும் குப்புறப் படுத்தேன். கோழி கண் இமைக்கவில்லை, நானும் ஒரு யுகம் இமைக்கவில்லை. பக்கத்துக் காட்டுப் பெரியண்ணனின் எருமை வந்து என் முதுகில் இருந்த தாளை மேய்ந்தது, இதில் மிகையே கிடையாது, இடுப்பைக் காட்டுகிறேன். அப்படியும் படம் பிடித்தேன். நேற்றுக் காலையில் போனால் கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. மாதப்பன் ஏர் ஓட்டிக்கொண்டு போனவன், தாயும் பின்னால் குஞ்சுகளும் வரப்புத் தாண்டிப் புதருக்குள் போகிறவரை மாட்டை நிறுத்திக்கொண்டு நின்றானாம். அவனே வந்து சொன்னான். நான் சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்?

இன்றைக்குச் சென்னம்மாள் அந்தத் துண்டை அறுத்தாள். மணியெல்லாம் உதிர்ந்து வெறும் தாள்தான் கையில் வந்தது. விதைக்கு நம் குதிரிலிருந்து எடுத்துக்கொள் என்று உன் சித்தி சொல்லியிருக்கிறாள். ஃபிலிம் சுருளைத் தனியே அனுப்புகிறேன், கழுவிப் பார், கோழி மண்ணாங்கட்டிபோலத் தெரிந்தாலும் தெரியும். கடைசிப் படத்தில் மட்டும் கோழி இல்லை, அறுத்து மொட்டையான காட்டின் நடுவில் சாமை கொஞ்சம் நிற்கிறது. அதையும் சர்க்காருக்கு அனுப்பச் சொல்லுங்க, அது ஏன் நிக்குதுன்னு கீழ எழுதச் சொல்லுங்க என்று சென்னம்மாள் கேட்டுக்கொண்டாள். மறக்காமல் எழுது, அவள் பெயரையும் போடு.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. சகல சௌபாக்கியமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பன்
இ. மாரப்பன்