அத்தையின் அலறல் விஷயமாக

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நலமில்லாமல் கிடப்பது என் கௌரவம் ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதை இப்போதே மார்பில் கைவைத்து உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் முழுசாகப் படி. முப்பத்தொரு வருஷம் பேய்ப்படங்களுக்குச் சத்தம் செய்து கொடுத்தவன் சொல்கிறேன். ஒரே கதவை நாற்பது விதமாக அழவைத்தவன், ஈரத்துணியில் கேரட்டைச் சுற்றி முறித்து ஐநூறு கழுத்தெலும்புகளை உடைத்தவன். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நிஜப் பேய்களே வழிவிட்டு ஒதுங்கி நின்றதாகக் கேள்வி.

போனில் சொல்லலாமே என்பாய். உன் அத்தை முன்னறையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள். தையல் மெஷின் ஓடும்போது நான் தண்ணீர் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் காதில் விழாது. நான் யாரிடமாவது கிசுகிசுத்தால் மட்டும் மெஷின் உடனே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் பட்டியலுக்கு வருகிறேன். இந்த வருஷம் தவறவிடக் கூடாத பேய்ப்படங்கள், படிக்க வேண்டிய திகில் நாவல்கள் என்று உன் பத்திரிகையில் நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். முதல் இடத்தில் அந்த லிஃப்ட் படம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பதிமூன்றாவது மாடியில் போய் நிற்கிறது. நல்ல படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த லிஃப்ட் சத்தம் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. மனுஷன் வியர்வை ஒரு சொட்டு அதில் கிடையாது. இரண்டாவது இடத்தில் ஆஸ்பத்திரிப் படம். தினம் காலையில் வருகைப் பதிவு வாசிக்கும்போது, செத்துப்போன நர்ஸ் ஒருத்தி ஆஜர் என்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்னச் சத்தம்கூடக் கிடையாது, அதுதான் பயமே என்று புகழ்ந்திருக்கிறாய். எல்லோரும் இப்படி அமைதியாகவே பயமுறுத்த ஆரம்பித்தால் உன் மாமா எந்தக் கடையில் போய் வேலை கேட்பது?

மூன்றாவது இடத்தில் எங்கள் படம், மூடிக்கிடக்கும் தியேட்டரில் காவலுக்கு இருக்கும் பெரியவரின் கதை. நீ எழுதியிருப்பதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படம் சுமார்தான், ஆனால் இடைவேளைக்கு முன்னால் வரும் அந்த ஓர் அலறலுக்காகவே போய்ப் பார்க்கலாம் என்கிறாய். அந்தப் படத்தில் நான் செய்து கொடுத்த சத்தங்கள் நூற்றுப் பதினாறு. திரைச்சீலை கிழிவது நான். நாற்காலிகள் தானாக மடிவது நான். தரைக்கடியில் யாரோ நகத்தால் பிராண்டுவதும் நான்தான், அதற்காக ஒரு வாரம் நகம் வெட்டாமல் இருந்தேன். என் மருமகள் காதில் விழுந்ததோ நான் செய்யாத அந்த ஒன்று.

அது யார் குரல் என்று உனக்கு இப்போது தெரியும். அத்தையே சொல்லியிருப்பாள். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

காவல்காரர் செத்து விழும் சத்தம் வேண்டியிருந்தது. இதற்கு ஒரு மணல் மூட்டை வைத்திருக்கிறேன். தோள் உயரத்திலிருந்து பலகைமேல் போட்டால் பிணம் விழுவது மாதிரியே கேட்கும். அன்றைக்கு மூட்டை கிழிந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் கலைஞன் இல்லையா, நானே விழுந்தேன். பதினாலு தடவை விழுந்தேன். பதினாலாவது தடவை அத்தனை தத்ரூபமாக விழுந்ததால், எழுந்தால் அந்தச் சத்தம் கெட்டுவிடுமோ என்று அப்படியே குப்புறக் கிடந்தேன். ஒலிப்பதிவு செய்பவர், காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பதால் நாங்கள் பஞ்சு என்று கூப்பிடுபவர், மைக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருந்தார். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உன் அத்தை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தாள்.

உன் அத்தை குரல் உனக்குத் தெரியும். வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி. பேச்சே அளவுதான், பேசினாலும் கடைக்காரர் இரண்டு தடவை என்னம்மா, என்னம்மா என்பார். பயம் என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. உன் பட்டியலில் இருக்கிறதே ஒரு நாவல், தனியாகக் குடியிருப்பவனின் சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரு நாற்காலி கூடிக்கொண்டே போகுமே, அதை நான் இரண்டு விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, பாவம், வந்தவங்க உக்கார வேணாமா என்று சொல்லிவிட்டுப் பட்டன் தைக்கப் போய்விட்டாள். அப்படிப்பட்டவள், அந்த இருட்டு அறையில், போட்டாள் பார் ஒரு சத்தம்.

சத்தத்தை அளக்கும் மீட்டரின் முள் வளைந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த மெத்தைக்குள் இலவம்பஞ்சு நரைத்தது. மாடியில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தவருக்குப் பல் தானாக விழுந்தது, டாக்டர் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆறு மாதமாக நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் பயந்துபோய் ஓட ஆரம்பித்து, இன்றுவரை ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஓடுகிறது. மூன்று தெரு தள்ளி வேகமாக வந்த பஸ், யாரும் கை காட்டாமலே நின்றது. செத்தவனும் எழுந்து உட்காருவான் என்பார்களே, நானே எழுந்து உட்கார்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

சத்தத்துக்காகத்தான் கிடந்தேன் என்று விளக்கினேன். அவள் பலகைமேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, சாகறதுன்னா முன்னாடியே சொல்லிட்டுச் சாவுங்க, நான் சாப்பாட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல என்றாள். நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. பஞ்சு திரும்பி வந்து பதிவைப் போட்டுக் கேட்டு, கையிலிருந்த டீயை மேலெல்லாம் கொட்டிக்கொண்டார். இயக்குநர் கேட்டார். பெரிய பெரிய குரல்காரிகளை வைத்து நாலு நாள் எடுத்திருந்த கதாநாயகியின் அலறலைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை வைத்தார்.

அத்தோடு போயிருந்தால் நானும் பெருந்தன்மையாக இருந்திருப்பேன். உன் பட்டியல் வந்த பிறகு எல்லாம் கெட்டது. மளிகைக் கடைக்காரர் அத்தைக்கு ஸ்டூல் எடுத்துப் போடுகிறார். இத்தனை வருஷமாக அங்கே அரிசி வாங்குகிற நான் நின்றுகொண்டிருக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு, அந்த அலறல் நீங்கதானாமே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் உள்ளிருந்து வேண்டுமென்றே நம் வீட்டுக் கதவைத் தியேட்டர் கதவு மாதிரி கிறீச்சிட வைத்தேன். எண்ணெய் போடுங்க என்றாள்.

அடுத்த படத்துக்கு அவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். பழக்கமில்லை, வராது என்று நான் நினைத்தேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். குண்டூசிகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு கண்ணை மூடினாள். மாடிப்படிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பொம்மைக்கு ஒன்று என்று வரிசையாகக் கொடுத்தாள். கடைசியாக ஒரு ரப்பர் பிணத்துக்கு. அந்தப் பிணத்துக்கு என்னைவிட முடி அதிகம். அதற்காக அவள் அலறியதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எனக்காகப் போட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சத்தத்தை ஒரு ரப்பர் பயலுக்குத் தூக்கிக் கொடுத்தால், பிறகு எனக்கென்று என்னதான் மிச்சம்?

திரும்பி வரும்போது பஸ்ஸில், அலறும்போது என்ன நினைச்சுக்கறே என்று கேட்டேன். சொன்னா அப்புறம் வராது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது மூன்று படங்களுக்கு அவளை உன் ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மாத வேலை. வரும் வெள்ளிக்கிழமை ரயில். உன்னோடு தங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தின் காரணமே அதுதான். உன் வீட்டில் இடமில்லை என்று அவளுக்கு ஒரு வரி எழுதிவிடு. கூரை ஒழுகுகிறது என்று எழுது, எலித் தொல்லை என்று எழுது. உன் பட்டியலில் இருந்த பேய்களில் ஒன்றிரண்டை வாடகைக்கு வைத்திருப்பதாகவும் எழுதலாம், ஆனால் அவள் அதற்கெல்லாம் அசரமாட்டாள். உனக்குத் தெரியாததா.

இதுவரை எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க முன்னறைக்குப் போனேன். கடைசிச் சீருடையையும் தைத்து மடித்துவிட்டாள். பெட்டி திறந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் திரும்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, தொண்டைக்குத் தேன் நல்லதா, வெந்நீர் நல்லதா என்று கேட்டாள். தொழில் விஷயமாக அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வெந்நீர் என்றேன். அதைப் பெரிய ரகசியம் மாதிரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆகவே மருமகளே, மேலே நான் கேட்டதை மறந்துவிடு. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது. அவளுக்குக் காற்று வரும் அறையாகக் கொடு. அலறிவிட்டு வந்த நாளில் பேச்சுக் கொடுக்காதே. என்ன நினைத்துக்கொள்கிறாள் என்று நீயும் கேட்டுவிடாதே. சொன்னால் வராமல் போய்விடும் என்கிறாளே, போய்விட வேண்டாம்.

எல்லாம் என் புளுகு என்று சிரித்துக்கொண்டிருப்பாய். நல்லது. பல் விழவில்லை, பஸ் நிற்கவில்லை, அந்த மணல் மூட்டைகூடக் கிழியவில்லை. அதைத் தூக்கக் குனிந்தேன், தரை மேலே வந்தது, அவ்வளவுதான் தெரியும். ரொம்பத் தூரத்தில், நீளமான தெருவின் கடைக்கோடியில் யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். அன்றைய கதையில் அந்தச் சின்ன இடம் ஒன்று மட்டும் நிஜம். மறுநாள் பலகை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். இதயம் அவ்வப்போது ஒரு தாளம் விட்டுவிடுகிறதாம். இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நான் விளையாட்டுக்குக் கிடந்தேன் என்றுதான் உன் அத்தை இன்றுவரை நினைத்துக் கோபமாக இருக்கிறாள். நிஜத்தைச் சொன்னால் பெட்டியில் வைத்ததையெல்லாம் அலமாரியில் அடுக்கிவிடுவாள். பொறாமையில் வயிறு எரிந்த நாட்களில்கூட நான் அதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வேலை முடிந்த மறுநாளே அவளை ரயிலேற்றி அனுப்பிவிடு அம்மா.

உன் மாமா