கல்லில் வெட்டிய பல்லிப் பெயர்

ஆவூர்,
செபமாலை மாதம், அக்டோபர் கடைசி வாரம்.

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் ஷர்லிக்கு அம்மா எழுதுவது. பெரியநாயகி மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று செபமாலையில் உனக்காக ஒரு மணி கூடவே தள்ளுகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரல் கேட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். நீ கேட்டிருப்பது அப்படிக் கத்திப் பேசுகிற விஷயம் இல்லை. பேச ஆரம்பித்தால் நான் அழுவேன், நீயும் அழுவாய், பதில் மட்டும் வந்து சேராது. எழுதினால் கையாவது நிதானமாகப் போகும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவின் கால் புண் ஆறுகிற மாதிரி ஆறி மறுபடி வாய் திறந்துவிட்டது. சர்க்கரை குறையவில்லை, குறையாமல் ஆறாது என்கிறார்கள், இவரோ டீயில் சீனி இல்லையென்றால் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். தினமும் காலையில் நான்தான் கட்டுப் பிரித்துக் கழுவி மருந்து வைக்கிறேன். குனிந்தால் எனக்கு இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. மழை வரும் வரும் என்று மேகம் கூடிக் கூடிக் கலைகிறது, கடலை போட்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போர்க் கிணற்று மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது. உன் சித்தப்பா மகள் டயானாவின் பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான், வந்தால் வீட்டில் ஒரு சாமான் இருந்த இடத்தில் இருக்காது. அவன் போனபிறகு எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு வயசாகிவிட்டது தெரிகிறது. சலித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே, சும்மா சொல்கிறேன். சலிப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். உன் தம்பி அமல்ராஜ் உன்னோடு பாறை பாறையாகச் சுற்றி டார்ச் அடித்தானே, அப்போது இலுப்பூர்ப் பக்கத்துப் பாறை இடுக்கில் அவன் கண்ணில் முதலில் பட்ட பல்லியைத்தான் நீ புது இனப் பல்லி என்று நிரூபித்தாய். கொரோனா அவனைக் கொண்டுபோன மறுவருடம் அதற்கு அவன் பெயரையே வைத்தாய். அந்தப் பெயரும் புத்தகத்தில் ஏறியது. இப்போது வேறு ஏதோ வேலைக்காக ஒரு மியூசியத்திலிருந்து பழைய குப்பி ஒன்றை வரவழைத்துப் பார்த்திருக்கிறாய். நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் ஆந்திரா பக்கம் பிடித்துப் போட்ட பல்லி, அதற்குத் தன் சிநேகிதரான ஒரு துரையின் பெயரை வைத்து, படம்கூட இல்லாமல் நாலு வரி எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாலு வரியை நம்பி எல்லோரும் அது வேறு இது வேறு என்று இருந்தார்கள். நீ செதில் எண்ணி, டி.என்.ஏ. பார்த்ததில் இரண்டும் ஒரே பல்லிதான். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது செல்லாது. எனக்கு இது புரியாமல் இல்லை. நான் டீச்சராக இருந்த காலத்தில் ஒரே பிள்ளையை ஊர் மாறும்போது இரண்டு ஸ்கூலில் சேர்த்துவிடுவார்கள், கடைசியில் முதல் அட்மிஷனைத்தான் எடுத்துக்கொள்வோம். புரிவது வேறு, மனசு ஒத்துக்கொள்வது வேறு. இது இன்னும் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும், நீ இதைக் கட்டுரையாக எழுதாமல் விட்டால் இன்னும் இருபது முப்பது வருடம் யாரும் அந்தக் குப்பியைத் திறக்க மாட்டார்கள் என்றும் சொல்லி, எழுதட்டுமா விடட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். இருபது முப்பது வருடம் என்று நீ எதற்குக் கணக்குப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நானும் அப்பாவும் போய்விடுவோம்.

நீ அங்கே இருப்பதால் அந்தப் பெயர் இங்கே என்னவெல்லாம் செய்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பேப்பரில் வந்த அன்று ஊரில் பாதிப் பேர் கேலிதான் பண்ணினார்கள். ஒம் மகளுக்கு ஒரு புலி கிலி கெடைக்கலயா டீச்சரு, போயும் போயும் பல்லிக்கா தம்பி பேர வைப்பாக என்று கடைக்காரர் கேட்டார். எனக்குமே முதலில் சங்கடம்தான். உயிரோடு இருந்தவரை ஒரு சொட்டு தொடாத பிள்ளையின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு பல்லி சாராயத்தில் மிதக்கிறதே என்று இருந்தது. ஆனால் அப்பா இருக்கிறாரே, பிள்ளை போனபிறகு வீட்டை விட்டு வெளியே வராத மனுஷன், அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போ வரைக்கும் போய்க் கூட வேலை பார்த்த டிரைவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டாவது தடவை சோறு கேட்டார். பிறகு வெள்ளைச்சாமி ஆசாரியைக் கூட்டிப்போய்க் கல்லறைக் கல்லில், உன் தம்பி பெயருக்குக் கீழே, அந்தப் பல்லியின் முழுப் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் வெட்டச் சொன்னார். பங்குச் சாமியார் இது என்ன வழக்கம் என்று தயங்கினார். பட்டம் வாங்குனவுக பேருக்குப் பின்னால பட்டத்தப் போடலியா சாமி, இது எம் மகன் வாங்குன பட்டம் என்று சொல்லிவிட்டார். சாமியாருக்கும் மறுக்க மனசு வரவில்லை. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கல்லில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இன்னொன்று உனக்குச் சொல்லவே இல்லை. டயானாவுக்குப் பையன் பிறந்து ஞானஸ்நானம் வைத்தபோது, நம் குடும்ப வழக்கப்படி போனவன் பெயரையே பிள்ளைக்கு வைக்கிறோம் பெரியப்பா என்று வந்து கேட்டாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவம் பேரு ஒலகம் பூரா பொஸ்தகத்துல நிக்கிது, நீ ஒம் பிள்ளைக்கு நல்ல பேராப் பாத்து வையி ஆத்தா என்றார். அவளும் வேறு பெயர் வைத்துவிட்டாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அந்தப் பிள்ளையை அமல் என்று கூப்பிட ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் பெருமையில் குறுக்கே போக மனசில்லை. உன் தம்பி கல்யாணம் கட்டவில்லை, பெயர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. அந்தப் பல்லிதான் எங்களுக்கு இருந்தது.

அதனால் நீ அனுப்பியதைப் படித்ததும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது, மறைக்கவில்லை. எவனோ செத்துப்போன துரை, இந்தப் பாறையை வாழ்நாளில் பார்த்திராதவன், அவன் பெயர் நிற்க வேண்டுமாம், டார்ச் பிடித்துக்கொண்டு முள்ளில் கை கிழிந்து நின்ற என் பிள்ளை பெயர் போக வேண்டுமாம். அந்தக் குப்பியை உன்னை யார் திறக்கச் சொன்னது என்று நினைத்தேன். பேசாமல் மூடி வைத்துவிடு என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், விடை தப்பென்று தெரிந்தால் அடித்துவிட்டுத் திருத்தி எழுது, டீச்சர் பார்க்கவில்லை என்று விடாதே என்று. பெற்ற மகளுக்கு மட்டும் மாற்றிச் சொல்லக் கை வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ரெண்டு வாரம் அப்படியே இழுத்துக்கொண்டு திரிந்தேன், குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டேன்.

கடைசியில் அப்பாவிடம் சொல்லாமல் முடியாது என்று தெரிந்துபோயிற்று. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். பஸ்ஸில் என்றால் அவர் சத்தம் போட மாட்டார், டிரைவருக்குக் கவனம் சிதறும் என்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண் முழுக்க டிரைவர் கை மேலேயே இருந்தது. நான் இருக்குற வரைக்கும் வேணாம்னு சொல்லு, நான் போனப்புறம் அவ என்ன வேணாலும் எழுதிக்கிரட்டும் என்றார். சரி, இதுதான் பதில் என்று நானும் விட்டுவிட்டேன். பெரிய பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது.

அப்புறம் போன திங்கட்கிழமை ஸ்கூல் ஹெட்மிஸ்டிரஸ் பிரகதாம்பாள் வந்தார்கள். குழந்தைகள் தினத்துக்கு வருடா வருடம் அப்பாவை மேடையில் ஏற்றி அந்தப் பல்லிக் கதையைச் சொல்லச் சொல்வார்கள் அல்லவா, அதற்குக் கூப்பிடத்தான். பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து திருப்பிச் சொல்லும், அதைக் கேட்க அப்பா ஒரு மாதம் முன்னாலேயே வேட்டியை வெளுக்கப் போட்டுவிடுவார். இந்தத் தடவை, காலு சரியில்லீங்க டீச்சர், அடுத்த வருசம் பாக்கலாம் என்றார். அவர்கள் கார் வைத்துக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். இல்லீங்க, முடியாது என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அவர்களை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். போய் எப்போதும் சொல்வதையே சொல்லிவிட்டு வந்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் கேட்டேன். எனக்குத் தெரியுமில்ல என்றார். தெரியாம சொன்ன வரைக்கும் பெருமையா இருந்துச்சு செல்வி, இப்பத் தெரிஞ்சுபோச்சு, இனி சொன்னா அது பொய்தான, அந்தச் சின்னப் புள்ளைகளுக்கு முன்னால எம் பிள்ள பேர வச்சு என்னயப் பொய் சொல்லச் சொல்றியா என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவன் போனபோதுகூட என் முன்னால் அழாத மனுஷன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, அவள எழுதச் சொல்லிரு என்றார்.

கல்லைப் பற்றியும் கேட்டுவிட்டோம். வெள்ளைச்சாமி ஆசாரி வந்து பார்த்தார். அந்த வரியை அழிக்க வேண்டுமானால் சுற்றிலும் கல்லைத் தேய்த்து இறக்க வேண்டும், அழித்த இடம் பள்ளமாகத் தெரியும் என்றார். சிமெண்ட் பூசலாம், ரெண்டு மழையில் உதிர்ந்துவிடும் என்றும் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் ஆசாரி, கொஞ்ச நாளு அது அவன் பேருலதான இருந்துச்சு, அது பொய்யில்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீயும், புத்தகத்தில் அந்தத் துரை பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அவன் பெயர் எப்போதும் இருக்கும், யாரும் அதை எடுக்க முடியாது என்று எழுதியிருந்தாய். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். எத்தனாவது வரியில் என்று கேட்டார்.

ஆக எழுது ஷர்லி. வேறு யாரிடமும் தள்ளிவிடாதே. அவனை அடக்கம் பண்ணிய அன்று விமானம் இல்லாமல் நீ அங்கே கிடந்தாய். இங்கே இருந்தும் நாங்கள் கயிற்றுக்கு வெளியேதான் நின்றோம், உடம்பு முழுக்க மூடியவர்கள் யாரோ இறக்கினார்கள், ஜே.சி.பி. மண்ணைத் தள்ளியது. பெற்றவள் கையால் ஒரு பிடி மண் போட விடவில்லை. அது இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. இந்தப் பெயரையாவது முகம் தெரியாத யாரோ வந்து மூட வேண்டாம். அக்கா நீ இருக்கிறாய், உன் கையால் செய். நடுவில் எழுத முடியாமல் போனால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுது, ஆனால் எழுதி முடி. எங்களுக்காகப் பயப்படாதே. அப்பா ரெண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

சூடாக எதையாவது சமைத்துச் சாப்பிடு, ரொட்டியையே தின்றுகொண்டு கிடக்காதே. கல்லறைத் திருநாளுக்கு உன் பங்குக்கும் மெழுகுவத்தி வாங்கி வைத்திருக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ தொட்டது துலங்கட்டும், எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஒன்றை மறக்காதே, கடிதம் கிடைத்ததும் செய்ய வேண்டியது. அப்பா குழந்தைகள் தினத்துக்கு வருவதாகப் பிரகதாம்பாள் டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அந்தத் துரை பெயர் என்ன, அதை வாயால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுத்துக் கூட்டி அனுப்பச் சொல்கிறார். பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதாம், இப்போதிருந்தே சொல்லிப் பழக வேண்டுமாம்.

இப்படிக்கு
உன் அம்மா
ச. மரிய செல்வி