கோரைப்பள்ளக் கரையின் வகுப்பு

மழை பொய்யாது பெய்க. வாள் துருவேறாது ஒளிர்க. வானவரைக் கோமான் நீலவரையர் திருவாணை தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சர் கூற்றங்குமரர் பூவணி நாட்டுத் தலைவர் ஆதனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் ஆநிரையும் நலம் பெறுக.

தங்கள் நாட்டில் படைத்தலைவர் ஏனாதி திருக்கண்ணருக்கு உரிமையான கோரைப்பள்ள ஏரியின் மண்கரை உடைந்து பத்தொன்பது பேர் மாண்டது பற்றி, கரைகளைச் சோதித்து வகுக்கும் கரைகாணி அந்துவன் நம் அவையில் நின்று உரைத்தது இது.

இரண்டாள் உயரமே உள்ள சிறு கரை. கீழே குடியில்லாத காலத்தில் அதைத் தீங்கிலாத் 'தண்கரை' என்று வகுத்தவன் அந்துவனே. பின்னர், கரையின் கசிவில் கோரை செழிக்கக் கண்டு, பாய் பின்னுவோர் அங்கே பதினொரு குடிசை போட்டனர். சென்ற ஆவணியில் அவன் கசிவுநீரைக் கையில் ஏந்திப் பார்த்தான். உள்ளங்கையில் மண் தங்கிற்று. கரை உள்ளுக்குள் கரைகிறது என்றறிந்தான். உயிர்க்கேடு உள்ள 'கடுங்கரை' என வகுப்பை உயர்த்த வேண்டும், மிகுநீர் வழியக் கல்லால் கலங்கல் கட்ட வேண்டும் என்று எழுதினான்.

ஏனாதியாரோ, தம் கரை இருந்தபடியே இருக்கிறது, புதிதாய் வந்தவை குடிசைகளே என்று முறையிட்டார். அது நமக்கும் நேரிதாய்ப் பட்டது. குடிசைகளைக் கொளுத்திவிட்டால் வகுப்பை மாற்ற வேண்டாவென்று, அந்துவனுக்கே ஆணையிட்டு நான்கு வீரரையும் உடன் விடுத்தோம்.

அங்கே காரி என்பாள், பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆனவள், வாசலை மறித்து நின்று, "மழ விடட்டும் சாமி. பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்றாளாம். அந்துவன் தீப்பந்தத்தை நீரில் அமிழ்த்தினான். தை வரை தவணை தந்தான். வீரரை அனுப்பிவிட்டு, இருபது நாள் தானே களிமண் சுமந்து கரையை அடைத்தான்.

ஐப்பசி பதினேழாம் நாள் நண்பகலில் கரை வாய் பிளந்தது. கூடையும் கையுமாய் மேலே நின்றவன் ஓடுங்கள் என்று கதறினான். நீர் அவன் குரலை முந்திற்று. காரியைக் கோரைக்குள் அவனே கண்டெடுத்தான். பிள்ளை கிடைக்கவில்லை.

ஆணையை நிறைவேற்றியிருந்தால் ஒருவரும் மாண்டிரார் அன்றோ என்று வினவினோம். ஆம் என்றான்.

ஆதலின், தண்கரைக்குரிய ஏனாதியார் குற்றமற்றவர்; கரையை முன்போல் மண்ணாலேயே எழுப்பிக்கொள்க, கலங்கல் வேண்டா. அந்துவனை விலங்கிட்டு, அக்கரையின் அடியிலேயே குடிசையிட்டு ஆயுள்வரை வைக்க. குற்றவாளி குடியாகக் கொள்ளப்படான். எனவே அவன் அங்கு உறையினும் கரை தண்கரையே.

இதற்கு மறுமொழி வேண்டா. முடிந்தது என்னும் சொல் மட்டும் வருக. வேங்கைப் பொறி ஒற்றினோம்.